நண்பர் தவறாக உதவித்தொகை வாங்கினால் நாம் சொல்ல வேண்டுமா?

(குடியிருப்போர் நலச் சங்கத்தினர், சுய உதவிக் குழுவினர், இ-சேவை மையப் பணியாளர்கள் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அரசுத் திட்டம் பற்றிய கூட்டம் என்றால் எப்படி விண்ணப்பிப்பது, என்னென்ன ஆவணம் வேண்டும், எந்தக் கவுன்ட்டரில் நிற்பது என்று பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நம்ம மக்கள் பேசுவது அதை இல்லை. "அவங்க வீட்ல கார் நிக்குது, அவங்களுக்கு எப்படி வந்துச்சு? எனக்கு ஏன் வரல?" இதுதான் பேச்சு. அதனால் இன்றைக்கு அந்தப் பேச்சையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த "அவங்க" யாரோ ஒருவராக இருந்தால் நமக்குச் சிரமம் இல்லை. கூடப் படித்தவர், பக்கத்து வீட்டு அக்கா, குழுவில் ஒன்றாகச் சேமிப்பவர், நம்ம பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர் என்றால்தான் சங்கடம். தகுதி இல்லாமல் அவர் உதவித்தொகை வாங்குவது நமக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா? சொன்னால் துரோகம் ஆகாதா? சொல்லாவிட்டால் நாமும் கூட்டா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் "அது அவங்கவங்க மனசாட்சி" என்று நழுவவும் மாட்டேன். எப்போது பேச வேண்டும், எப்போது புகார் கொடுத்தே ஆக வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதே நியாயம் என்று மூன்றையும் சொல்கிறேன்.

முதலில், இது யாருடைய பணம்?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் அதிகமான பெண்கள் சேர்ந்தார்கள். அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 13,000 கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டியிருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 200 ரூபாய்தான். 80 வயதைத் தாண்டினால் 500. மீதியை மாநில அரசு போடுகிறது. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக.

"இவ்வளவு பெரிய தொகையில் என் சிநேகிதி வாங்குற ஆயிரம் ரூபாயா குறைஞ்சிடப் போகுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் ஒருவர் வாங்குவதால் இன்னொரு தகுதியான பெண்ணின் ஆயிரம் ரூபாய் அன்றைக்கே நின்றுவிடாது. நஷ்டம் வேறு வழியில் வருகிறது. மோசடி வெளியே வரும்போதெல்லாம் சரிபார்ப்பு கூடுகிறது. ஆதார் இணைப்பு, கைரேகைப் பதிவு, நில ஆவண இணைப்பு, மறுபடியும் ஒரு கள ஆய்வு என்று வரிசையாக வரும். இதில் யார் சிக்குகிறார்கள்? விவரம் தெரிந்து ஏமாற்றியவர் சிக்குவதில்லை. ஐம்பது வருடம் நாற்று நட்டு, கல் சுமந்து, ரேகையே தேய்ந்துபோன கிழவி சிக்குகிறார். மிஷினில் விரல் வைத்தால் "பொருந்தவில்லை" என்று வருகிறது. நாலு பேர் செய்த தப்புக்கு நாற்பது பேர் அலைகிறார்கள். அந்த அலைச்சல்தான் உண்மையான நஷ்டம்.

எல்லாத் தவறும் ஒரே தவறு இல்லை

தகுதி இல்லாமல் பணம் வாங்குகிறார் என்று நாம் சொல்லும்போது நான்கு வகை ஆட்களை ஒரே மூட்டையில் கட்டுகிறோம். பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை, நிலைமை மாறியவர். விண்ணப்பித்தபோது தகுதி இருந்தது. பிறகு மகனுக்கு அரசு வேலை கிடைத்தது, அல்லது வீட்டுக்குக் கார் வந்தது. அல்லது பாட்டி இறந்து இரண்டு வருடம் ஆகியும் ரேஷன் அட்டையில் பெயர் நீக்கவில்லை. இவர்களில் பலருக்கு, நிலைமை மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பதே தெரியாது.

இரண்டாம் வகை, நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவர், ஆனால் தாளில் ஏதோ ஒன்று இடிக்கிறது. வீடு ஒன்றுதான். மருமகள் வந்த பிறகு அடுப்பு இரண்டானது. தனி ரேஷன் அட்டைக்குத் தனிச் சமையலறை இருக்க வேண்டும். இருக்கிறதா, இல்லையா? தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டவ். இதை மோசடி என்பதா, குடும்பம் பிரிந்தது என்பதா? கள ஆய்வுக்குப் போகிறவருக்கே ஒரு நிமிஷம் யோசனை வரும்.

மூன்றாம் வகை, வசதி இருந்தும் தெரிந்தே பொய் சொல்பவர். கணவர் வருமான வரி கட்டுகிறார், அதை மறைத்து விண்ணப்பம் போட்டிருப்பார். "எல்லாரும் வாங்குறாங்க, நான் மட்டும் இளிச்சவாயா?" என்பது இவருடைய நியாயம்.

நான்காம் வகை, இதையே தொழிலாக வைத்திருப்பவர். "ஆதார் கார்டு, பாஸ்புக் ஜெராக்ஸ், ஓ.டி.பி. மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிற தரகர். அவருக்கு உள்ளே கை கொடுப்பவர்.

உங்கள் நண்பர் இதில் எந்த வகை என்று தெரியாமல் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

2020இல் என்ன நடந்தது?

நான்காம் வகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020இல் பி.எம். கிசான் திட்டத்தில் நடந்த முறைகேடு ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று ஆரம்பித்துப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. தகுதி இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் தவறான கணக்குகளுக்குப் போயிருந்தது. அலுவலர்களின் கடவுச்சொல்லைத் தவறாகப் பயன்படுத்திப் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், சிலர் கைதானார்கள், சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது.

அந்த ஐந்து லட்சம் பேர் யார் என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் சாதாரண ஜனங்கள். சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள். கொரோனா நேரம், கையில் காசு இல்லை. "கவர்மென்ட்ல பணம் குடுக்குறாங்க" என்று யாரோ சொல்ல, ஆதார் எண்ணையும் கணக்கு எண்ணையும் கொடுத்தார்கள். அதை கொரோனா நிவாரணம் என்றே நம்பியவர்களும் உண்டு. பணம் வந்தது, தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டார். பிறகு அரசு பணத்தைத் திரும்ப வசூலித்தபோது யார் கணக்கிலிருந்து போனது? அந்த ஏழையின் கணக்கிலிருந்துதான். தரகருக்குக் கொடுத்த கமிஷனும் போச்சு, வாங்கிய பணமும் போச்சு.

ஒவ்வொரு ஊரிலும் இது பலருக்குத் தெரிந்தே நடந்தது. முதல் வாரத்திலேயே நாலு பேர் தைரியமாகச் சொல்லியிருந்தால் அந்த ஊரில் ஐந்து பேரோடு நின்றிருக்கும். அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சும்மா இருந்தார்கள். அந்த மௌனம் அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்றவில்லை, தரகரைத்தான் காப்பாற்றியது. "சொன்னால் துரோகம்" என்று நினைக்கும்போது இதையும் சேர்த்து நினையுங்கள்.

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறதா?

பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது. "தெரிஞ்சும் சொல்லலைன்னா என் மேலயும் கேஸ் வருமா சார்?"

பொதுமக்கள் கட்டாயம் தகவல் கொடுக்க வேண்டிய குற்றங்கள் எவை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 33ஆவது பிரிவில் பட்டியல் இருக்கிறது. கொலை, கொள்ளை போன்ற கடுமையான குற்றங்கள் அதில் வருகின்றன. சாதாரண ஏமாற்றுக் குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சிநேகிதி தவறாக ஆயிரம் ரூபாய் வாங்குவது தெரிந்தும் சும்மா இருந்த ஒரே காரணத்துக்காக உங்களைத் தண்டிக்க மாட்டார்கள்.

ஆனால் தெரிந்துகொண்டு இருப்பது வேறு, உடந்தையாக நிற்பது வேறு. "நீ சாட்சிக் கையெழுத்துப் போடு", "உன் வீட்டு முகவரியைக் குடு", "உன் போன் நம்பர்ல ஓ.டி.பி. வரும், சொல்லிடு" என்று கேட்டு நீங்கள் செய்தால் அந்தப் பொய்யில் உங்கள் கையும் இருக்கிறது. ஏமாற்றிப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவின்படி குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை இருக்கிறது. அங்கே நட்பு செல்லாது. அப்படிக் கேட்டால், "உனக்காக ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க உக்காருவேன், இதுல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவருக்குக் கெடுதல் செய்வதற்காகப் பொய் என்று தெரிந்தே அரசு அலுவலரிடம் தகவல் கொடுத்தால் அதுவும் குற்றம். அதே நியாய சன்ஹிதாவின் 217ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று இப்போது சொல்கிறேன்.

மேஜைக்கு வந்த மனுக்கள்

நான் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் இருந்த காலத்தில் மொட்டைக் கடுதாசி வராத வாரம் இல்லை. படித்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் விஷயம் புரியும். இவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் அவர் வாசலில் விழுகிறது, அதனால் அவர் அம்மாவின் பென்ஷனை நிறுத்த வேண்டும். சீட்டுப் பணத் தகராறு, அதனால் அவர் விதவைத் தொகையை ரத்து செய்ய வேண்டும். எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. உண்மையான மனுவும் இருக்கும். ஆனால் உண்மையும் பகையும் ஒரே கவரில்தான் வரும்.

ஒரு மனுவை உதாரணமாகச் சொல்கிறேன். "இந்த அம்மாவின் மகன் அரசு வேலையில் இருக்கிறார், மாடி வீடு கட்டியிருக்கிறார், இவருக்கு ஆதரவற்றோர் ஓய்வூதியம் எதற்கு?" மனுவில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. மகன் அரசு வேலையில்தான் இருந்தார், மாடி வீடும் இருந்தது. விசாரிக்கப் போனவர் தாளை மட்டும் பார்த்திருந்தால் பென்ஷன் நின்றிருக்கும். அவர் நேரே போய்ப் பார்த்தார். அந்த அம்மா இருந்தது மாடி வீட்டில் இல்லை. அதற்குப் பின்னால் தகரக் கொட்டகையில். கரியடுப்பு, ஒரு சட்டி, ஒரு குடம். மகன் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. ரேஷன் அரிசியும் இந்தப் பணமும்தான் அவருக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம். மனு எழுதியவர் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். தினமும் மாடி வீட்டைப் பார்த்திருக்கிறார், கொட்டகையைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு உதவி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மகனிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த பேனாவை அதற்கு எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இன்னொன்று. விதி மாறிக்கொண்டே இருக்கும். மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதி வைத்தார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் இருந்தால் கிடையாது என்றார்கள். பிறகு 2025இல் சில தளர்வுகள் வந்தன. அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பத்துப் பெண்கள், சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதாவது வாசலில் வண்டி நிற்கிறது என்பதை வைத்து மட்டும் "மோசடி" என்று சொல்ல முடியாது. வண்டி தெரியும், அது எப்படி வந்தது என்பது தெரியாது. புகார் கொடுப்பதற்கு முன்னால் இன்றைய விதியைப் படியுங்கள். போன் எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

நண்பரிடம் முதலில் பேசுங்கள்

முதல் இரண்டு வகையாக இருந்தால், அதாவது நிலைமை மாறியவர், கஷ்டத்தில் இருப்பவர் என்றால், அலுவலகத்துக்குப் போவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். மூன்றாம் வகையாக இருந்தாலும் நண்பர் என்றால் ஒரு தடவை பேச அவருக்கு உரிமை உண்டு. யார் முன்னாலும் வேண்டாம். குழுக் கூட்டத்தில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் ஊரைச் சுற்றி வரும்.

எப்படி ஆரம்பிப்பது? "நீ பண்றது தப்பு" என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்துவிடும். "அக்கா, மாமாவுக்கு வேலை கிடைச்ச பிறகு அந்தப் பணத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்தீங்களா? சரிபார்ப்பு வந்தா மொத்தமாத் திருப்பிக் கட்டச் சொல்வாங்க. இப்பவே நாமளே சொல்லிட்டா நல்லது" என்று சொல்லிப் பாருங்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, மிரட்டலும் இல்லை. பி.எம். கிசான் முறைகேட்டில் பணம் திரும்ப வசூலானதை அவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

நிறுத்துவதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. பி.எம். கிசான் இணையதளத்தில் தாமாக விட்டுக்கொடுக்கவும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவும் வசதி உண்டு. ரேஷன் அட்டையில் இறந்தவர் பெயரை இறப்புச் சான்றிதழ் வைத்து இணையத்திலேயே நீக்கலாம். தேவைப்படாத பொருளை விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். ஓய்வூதியம் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். பாதிப் பேருடைய தயக்கம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

விட்டுக்கொடுப்பது நம்ம மக்களுக்குப் புதுசு இல்லை. 2015இல் சமையல் எரிவாயு மானியத்தை வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டபோது நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விட்டுக்கொடுத்தார்கள். யாரும் அவர்கள் மேல் புகார் கொடுக்கவில்லை. கௌரவமாகக் கேட்டால் கௌரவமாகச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டிய நான்கு இடங்கள்

பேசிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத இடங்கள் உண்டு.

ஒன்று, இன்னொருவரின் பணத்தை ஒருவர் எடுக்கிறார் என்றால். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியின் ஏ.டி.எம். கார்டு வேறொருவர் பையில் இருக்கிறது, பாட்டிக்கு மாத்திரை வாங்கவும் பத்து ரூபாய் வருவதில்லை. அல்லது பாட்டி இறந்த பிறகும் பணம் எடுக்கிறார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; அதற்குப் பிறகு கணக்கில் விழும் ஓய்வூதியம் குடும்பத்துச் சொத்து இல்லை. இங்கே உயிரோடு இருக்கும் பாட்டி பக்கம்தான் நாம் நிற்க வேண்டும், அவர் மகன் நமக்கு எவ்வளவு பெரிய நண்பராக இருந்தாலும்.

இரண்டு, தரகர். யார் பெயர் சேர்க்கவும் பணம் வாங்கினால், ஆதாரையும் ஓ.டி.பி.யையும் மொத்தமாகச் சேகரித்தால், உடனே சொல்லுங்கள்.

மூன்று, உள்ளே இருக்கும் அலுவலர் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

நான்கு, நீங்களே பொறுப்பில் இருந்தால். குழுத் தலைவி, இ-சேவை மையப் பணியாளர், ரேஷன் கடை விற்பனையாளர், வார்டு உறுப்பினர், வி.ஏ.ஓ. இவர்களுக்கு "என் நண்பர்" என்கிற விலக்கு கிடையாது. பொய்த் தாள் உங்கள் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுங்கள். மேலே அனுப்பிவிட்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள்.

மூன்றாம் வகை நண்பரிடம் பேசியும் கேட்கவில்லை என்றால்? வசதி இருக்கிறது, தெரிந்தே செய்கிறார், "உன் வேலையைப் பாரு" என்கிறார். என் கருத்தைச் சொல்கிறேன்: சொல்லுங்கள். நட்பைக் காப்பாற்றும் வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள், அவர்தான் அதைத் தள்ளிவிட்டார். இரண்டாம் வகை ஆளாக இருந்தால், தாளில் ஏதோ இடித்தாலும் அடுப்பு எரிய அந்தப் பணம்தான் வழி என்றால், புகார் எழுதாதீர்கள். அவருக்குச் சரியாகப் பொருந்தும் திட்டம் எது என்று தேடிக் கொடுங்கள்.

எங்கே, எப்படிச் சொல்வது?

ரேஷன் தொடர்பாக 1967 அல்லது 1800 425 5901. எந்தத் துறை என்று தெரியாவிட்டால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. பி.எம். கிசானுக்கு 155261. ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம், மகளிர் உரிமைத் தொகைக்கு கோட்டாட்சியர் அலுவலகம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "இன்ன தேதியில் இறந்தார், இன்ன மாதம் வரை பணம் எடுக்கப்பட்டதாகக் குடும்பத்தினரே சொன்னார்கள்" என்பது தகவல். "இவர்கள் குடும்பமே அப்படித்தான்" என்பது வசவு. ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். உங்கள் பெயரை எழுதி, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களின் ஆதார் எண்ணையோ வங்கிப் புத்தகத்தையோ போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். சரிபார்ப்பது அலுவலகத்தின் வேலை. மனுக் கொடுத்த விஷயத்தை டீக்கடையில் பேசாதீர்கள்.

"சொல்லிடுவேன், ஐயாயிரம் குடு" என்று நண்பரை மிரட்டுவது அவர் செய்ததைவிடப் பெரிய குற்றம். அது பணம் பறித்தல்.

கேள்வி பதில்

உரைக்குப் பிறகு கூட்டத்தினர் கேட்ட சில கேள்விகள்:

"சார், என் நாத்தனாரே வாங்குறாங்க. நான் சொன்னா என் வாழ்க்கையே போயிடும்மே?"

அம்மா, உங்களைப் பலிகொடுத்துச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மூலமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உங்கள் கையெழுத்து எதிலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்தப் பாரத்தைச் சுமக்காதீர்கள். அதைப் பார்க்கத்தான் ஆய்வு, தணிக்கை எல்லாம் இருக்கிறது.

"தனி ஆள் சொல்றதைவிட ஊரே பார்க்குற மாதிரி எதுவும் இல்லையா?"

இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. மானியத் திட்டங்களில் யாருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்ற விவரத்தை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். யார் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். பட்டியல் சத்தமாக வாசிக்கப்பட்டாலே பல பெயர்கள் அடுத்த முறை தாமாகக் காணாமல் போகும். ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதுவதைவிட இது ஊருக்கு நல்லது.

"எங்களை மாதிரி தகுதி இருந்தும் கிடைக்காதவங்க என்ன பண்றது சார்? அவங்க வாங்குறதைப் பாத்தா வயிறு எரியுது."

எரியத்தான் செய்யும். அது நியாயமான கோபம். ஆனால் அவர் பெயர் நீங்குவதால் உங்கள் பெயர் சேர்ந்துவிடாது. இரண்டும் வேறு வேறு மனு. உங்கள் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற காரணத்தை இ-சேவை மையத்தில் கேட்டு வாங்குங்கள். மகளிர் உரிமைத் தொகை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. வருமானம் தப்பாகப் பதிவாகியிருக்கலாம், வேறு யாருடைய வண்டியோ உங்கள் பெயரில் காட்டியிருக்கலாம்.

எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். தகுதி இல்லாமல் வாங்கும் ஒருவர் உங்களுக்குத் தெரியும் என்றால், தகுதி இருந்தும் வாங்காத ஒருவரும் அதே தெருவில் இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆதாரில் பெயர் பிழையாக இருப்பவர், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டவர். முதலில் அவரை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். அந்த விண்ணப்பத்தின் ரசீது கையில் வந்த பிறகு, மற்றவரைப் பற்றி என்ன செய்வது என்று யோசியுங்கள். அப்போது உங்கள் மனசில் பகை எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.